சுக்கினி: முதலில் இருபது செடி

நம் இயற்கை விவசாயக் கூட்டங்களில் இரண்டு மூன்று வருடமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சார், சுக்கினி போடலாமா? பெங்களூர்ல நல்ல விலை கிடைக்குதாமே?" கேட்பவர்களில் சிலர் புதிதாக நிலம் வாங்கி விவசாயத்துக்கு வந்தவர்கள். சிலர் தக்காளியில் நட்டம் பார்த்துவிட்டு மாற்றுப் பயிர் தேடுபவர்கள். இரண்டு தரப்புக்கும் கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான். அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு தளி பக்கம் மூன்று ஏக்கரில் விவசாயம் செய்துவருகிறேன். ஐந்து பருவமாகச் சுக்கினியும் உண்டு. இருபது செடியில் ஆரம்பித்து, இப்போது ஒரு பருவத்துக்கு இருநூறு செடி வரை போடுகிறேன். அதற்கு மேல் போனதில்லை. ஏன் போகவில்லை என்பதும் இந்தப் பாடத்தில் வரும்.

கேள்விக்குச் சுருக்கமான பதில்: போடலாம், ஆனால் முதல் பருவத்தில் இருபது செடிக்கு மேல் வேண்டாம். வளர்ப்பது கஷ்டமான செடி இல்லை. ஆனால் இது தினமும் காலையில் ஆள் வந்து நிற்க வேண்டிய செடி. பூவைப் பார்ப்பது, வண்டைப் பிடிப்பது, காயைப் பறிப்பது எல்லாமே காலை வேலை. ஒருநாள் விட்டால் அடுத்த நாள் கணக்கு மாறிவிடும். அந்தப் பழக்கம் நமக்கு வருமா, தினமும் வரும் காயை வாங்க ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள இருபது செடி போதும்.

இது என்ன காய்?

பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். ஆனால் இது பூசணிக் குடும்பத்துச் செடி. தாவரவியலில் குக்கர்பிட்டா பெப்போ என்று பெயர். நம்ம ஊர்ப் பரங்கிக்காய் (சில ஊர்களில் அரசாணி) இதற்குப் பங்காளி. அது குக்கர்பிட்டா மொஸ்கேட்டா. இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் ஓக்சாக்கா பகுதிக் குகையில் கிடைத்த பெப்போ விதைகளுக்கு வயது சுமார் 10,000 ஆண்டு என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அங்கிருந்து ஐரோப்பா போய், இத்தாலியில் பிஞ்சாகப் பறித்துச் சாப்பிடும் ரகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான் சுக்கினி. இத்தாலிய மொழியில் 'சுக்கா' என்றால் பூசணி. 'சுக்கினி' என்றால் குட்டிப் பூசணிகள்.

"வெளிநாட்டுக் காய் நமக்கெதுக்கு?" என்று நம் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வீட்டுத் தேவைக்கென்று பார்த்தால் நம்ம பீர்க்கு, புடலை, சுரை இவற்றுக்கே முதலிடம். விதை நம் கையில் இருக்கிறது, நம் வெயிலுக்குப் பழகியவை, ஊரிலேயே வாங்கிச் சாப்பிட ஆள் உண்டு. சுக்கினி, வாங்குபவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கான பயிர். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதனால் எங்கள் பக்கம் அது நடக்கிறது.

மற்றக் கொடிக்காய்களிலிருந்து இதற்கு ஒரு பெரிய வித்தியாசம், இது கொடி ஓடாது. பெரும்பாலான ரகங்கள் புதர் மாதிரி ஒரே இடத்தில் நின்று மூன்றடி அகலத்துக்கு இலை விரிக்கும். பந்தல் செலவு இல்லை. இதனால்தான் புதியவர்கள் கற்றுக்கொள்ள வசதியான செடி என்கிறேன். பந்தலில் எட்டடி உயரத்தில் நடக்கும் பூவும் பிஞ்சும் இதில் முழங்கால் உயரத்தில் கண்ணெதிரே நடக்கும்.

பருவம்

பனி உறைவதையும் தாங்காது, கடும் வெயிலையும் தாங்காது. பகலில் 20 முதல் 30 டிகிரி வரை இருந்தால் செழிப்பாக இருக்கும். 35 டிகிரிக்கு மேல் போனால் ஆண் பூ அதிகமாகிப் பெண் பூ குறையும். வருகிற பிஞ்சும் சரியாக நிற்காது. விதை முளைக்க மண்ணில் சூடு வேண்டும். மண் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விதை முளைக்காமல் அழுகிப்போகலாம்.

ஓசூர், தளி போன்ற ஏறத்தாழ 3,000 அடி உயரப் பகுதிகளில் தை கடைசியில் ஒரு விதைப்பு, ஆனியில் ஒரு விதைப்பு எனக்குச் சரியாக வருகிறது. மார்கழிக் குளிரில் முளைப்பு மந்தம். புரட்டாசி, ஐப்பசி மழையில் பூவுக்குள் தண்ணீர் தேங்கிப் பிஞ்சு அழுகுகிறது. நீலகிரி, கொடைக்கானல் நண்பர்கள் உறைபனி முழுக்க விலகிய பிறகு விதைக்க வேண்டும். சமவெளியில் இருப்பவர்களுக்கு வருடத்தில் ஒரே பருவம்தான். வடகிழக்கு மழை தணிந்ததும் கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் தை, மாசியில் பறிக்கலாம். பங்குனி வெயிலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

விதையும் நடவும்

கடையில் கிடைக்கும் சுக்கினி விதைகளில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு விதைகள். அதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. ஒவ்வொரு பருவமும் விதைக்குக் காசு கொடுக்க வேண்டும். பிளாக் பியூட்டி, கோகோசெல் போன்றவை தலைமுறை மாறாத ரகங்கள். விதைச் சேகரிப்பாளர்களிடம் விசாரித்து வாங்குங்கள். காய் கொஞ்சம் குறைந்தாலும் இருபது செடிப் பயிற்சிக்கு இவையே நல்லது. எதை வாங்கினாலும் பூஞ்சாண மருந்து பூசாத விதையா என்று கேட்டு வாங்குங்கள். சாயம் பூசிய விதை என்றால் பெரும்பாலும் மருந்து ஏறிய விதை.

இருபது செடிக்கு, மூன்றடிக்கு மூன்றடி இடைவெளி வைத்தால் 180 சதுர அடி. அரை சென்ட்டுக்கும் குறைவு. காலை வெயில் நன்றாக விழும் இடமாக, வீட்டுக்கோ கிணற்றடிக்கோ பக்கத்தில், தினமும் உங்கள் கண்ணில் படுகிற இடமாகத் தேர்வு செய்யுங்கள்.

ஒன்றரை அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்கு மக்கிய தொழுவுரம் இரண்டு மூன்று கிலோ, வேப்பம் புண்ணாக்கு 100 கிராம் போட்டு மேல்மண்ணோடு கலந்து மூடுங்கள். ஒரு வாரம் ஆறவிடுங்கள். தண்ணீர் நிற்கும் மண் என்றால் குழிக்குப் பதில் மேட்டுப்பாத்தி. தண்டின் அடியில் ஈரம் தேங்கினால் அழுகல் வரும்.

விதையைப் பீஜாமிர்தத்தில் நனைத்து நிழலில் உலர்த்தி, குழிக்கு இரண்டு விதையாக ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். சூடான மண்ணில் ஐந்து முதல் ஏழு நாளில் முளைத்துவிடும். இரண்டும் முளைத்தால் வீரியமானதை வைத்துக்கொண்டு மற்றதை மண்மட்டத்தில் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் ஆடும். இந்தச் செடியின் வேருக்கு இடம் மாறுவது பிடிக்காது. அதனால் நேரடி விதைப்பே நல்லது. குழித்தட்டில் போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு நிஜ இலை வந்ததும் மண்கட்டி உடையாமல் நட்டுவிடுங்கள்.

முளைத்த பத்து நாள் கழித்து நல்ல தடிமனாக மூடாக்கு போடுங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுப் போட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜீவாமிர்தமோ அமிர்தக் கரைசலோ வேருக்குக் கொடுங்கள். பூ வரும் சமயம் பஞ்சகவ்யா 3 சதம், அதாவது பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, மாலையில் தெளிக்கலாம்.

தண்ணீர் வேருக்குத்தான், இலைக்கு இல்லை. சொட்டுநீர் இருந்தால் உத்தமம். உச்சி வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பெரிய இலை, அப்படித்தான் தொங்கும். சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். காலையிலேயே தொங்கினால்தான் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். தண்ணீர் கொடுத்தும் நிமிரவில்லை என்றால் வேரையும் தண்டின் அடியையும் பாருங்கள்.

பூ: பாடத்தின் நடுப்பகுதி

விதைத்து 35, 40 நாளில் பெரிய மஞ்சள் பூக்கள் வரும். முதல் சில நாள் பூ மட்டும் வரும், காய் வராது. "பூ எல்லாம் கொட்டுது சார், என்ன மருந்து அடிக்கலாம்?" என்று இந்தச் சமயத்தில்தான் போன் வரும். ஒன்றும் அடிக்க வேண்டாம். முதலில் வருபவை ஆண் பூக்கள். மலர்ந்து ஒருநாளில் உதிர்வது அவற்றின் இயல்பு.

ஆண் பூ, பெண் பூ இரண்டும் ஒரே செடியில் தனித்தனியாக வரும். ஆண் பூவுக்கு நீளமான மெல்லிய காம்பு. நடுவில் மஞ்சள் பொடி ஒட்டிய ஒற்றைத் தண்டு. பெண் பூவுக்குப் பின்னால் விரல் நுனி அளவில் குட்டிக் காய் இருக்கும். நடுவில் பிரிந்து நிற்கும் சூல்முடி. ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பீர்க்கு, சுரை, பரங்கி எல்லாவற்றிலும் இதே கதைதான். பந்தல் காய் போடுபவர்களுக்கும் இந்தப் பாடம் உதவும்.

பூ விடியற்காலையில் மலர்ந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அதற்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீதான் சுமக்க வேண்டும். அதுவும் ஒரு தேனீ ஒருமுறை வந்தால் போதாது. பலமுறை வந்துபோனால்தான் காய் நேராக, முழுதாகத் திரளும். அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் பருத்து இன்னொரு பக்கம் சூம்பிப்போகும். சேரவே இல்லை என்றால் பிஞ்சு விரல் நீளத்திலேயே நுனி மஞ்சளித்து அழுகி விழும்.

இந்த நுனி அழுகலை நோய் என்று நினைத்து மருந்து தெளிப்பவர்கள் உண்டு. அந்த மருந்து தேனீயையும் விரட்டும், அடுத்த நாள் இன்னும் அதிகம் பிஞ்சு விழும். அதனால் முதலில் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். விரல் அளவுப் பிஞ்சு மஞ்சளித்து விழுந்தால் மகரந்தச் சேர்க்கைக் குறைவு. நன்றாக வளர்ந்த காயின் நுனி கறுத்து அமுங்கினால் தண்ணீர் ஒருநாள் வெள்ளமாகவும் ஒருநாள் வறட்சியாகவும் போவதால் சுண்ணாம்புச் சத்து காய் நுனிக்குப் போய்ச் சேரவில்லை. முதலாவதற்குத் தேனீ வேண்டும். இரண்டாவதற்குச் சீரான தண்ணீரும் மூடாக்கும் வேண்டும்.

தேனீ வரவில்லை என்றால் நாமே தேனீ ஆகலாம். காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடி முழுவதும் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். இருபது செடிக்குப் பத்து நிமிடம் ஆகாது. ஆனால் ஓர் ஏக்கருக்கு இப்படிக் கையால் செய்ய முடியாது. தேனீ இல்லாத தோட்டத்தில் பெரிய அளவில் போடக் கூடாது என்பதை இந்தப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்துவிடும்.

தேனீ வேண்டுமென்றால் வரப்பில் பூ வேண்டும். துளசி, சூரியகாந்தி, பூத்த கொத்தமல்லி, செண்டுமல்லி ஏதாவது எப்போதும் பூத்திருக்கட்டும். முடிந்தால் அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்று வையுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலாகவே இருந்தாலும் காலையில் தெளிக்காதீர்கள். பூ சுருங்கிய பிறகு மாலையில்தான்.

மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய் பிடிக்கும் ரகங்களும் உண்டு. பசுமைக்குடில்காரர்களுக்கு உதவும். தேனீயை வைத்து விவசாயம் கற்க வந்தவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

பூச்சியும் நோயும்

முளைத்த முதல் இரண்டு வாரம் சிவப்புப் பூசணி வண்டுதான் முக்கிய எதிரி. ஆரஞ்சுச் சிவப்பில் பளபளவென்று இருக்கும். விதையிலையைச் சல்லடை ஆக்கிவிடும். பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் மந்தமாக உட்கார்ந்திருக்கும். அப்போதே பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஈர இலையில் சலித்த விறகுச் சாம்பலைத் தூவுங்கள். இதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். குழியில் போட்ட வேப்பம் புண்ணாக்கு அங்கே வேலை செய்யும்.

காய்க்கும் சமயம் பழ ஈ. பிஞ்சில் ஊசி குத்திய மாதிரி புள்ளியும் பிசினும் தெரியும். காய் கோணலாகும், உள்ளே புழு இருக்கும். க்யூ லூர் இனக்கவர்ச்சிப் பொறியைப் பூ வரும் முன்னரே தொங்கவிடுங்கள். அது ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும். அதனால் பொறியை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. குத்துப்பட்ட காய்களைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். உரக்குழியில் மேலாகப் போட்டால் அடுத்த தலைமுறை ஈயை நாமே வளர்க்கிறோம்.

இலையில் வெள்ளை மாவு பூசியது போல வந்தால் சாம்பல் நோய். இதற்குப் பால் ஒரு மருந்து. பிரேசில் விஞ்ஞானி வாக்னர் பெட்டியோல், பசுமைக்குடிலில் இருந்த சுக்கினிச் செடியிலேயே இதைச் சோதித்து 1999இல் வெளியிட்டார். பத்துச் சதமும் அதற்கு மேலும் பால் கலந்த தண்ணீர், அங்கே ஒப்பிட்ட ரசாயனப் பூஞ்சாணக் கொல்லிகளுக்குக் குறையாமல் வேலை செய்தது. ஒரு பங்கு பசும்பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை, முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்ததுமே. நோய் முற்றிய பிறகு அடித்தால் பலன் குறைவு. பாலுக்குப் பதில் புளித்த மோர் பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் கலந்து நம் நண்பர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சில ரகங்களில் இலை நரம்போரம் வெள்ளித் திட்டுகள் பிறவியிலேயே இருக்கும். அது நோயில்லை. விரலால் தேயுங்கள், மாவு ஒட்டினால் நோய், ஒட்டாவிட்டால் இலையின் நிறம்.

இலை சுருங்கி, பச்சையும் மஞ்சளுமாகத் தேமலிட்டு, காய் முண்டு முண்டாக வந்தால் நச்சுயிரி. அசுவினி, வெள்ளை ஈ பரப்பும். இதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். வருமுன் காக்க, சுக்கினி விதைப்பதற்கு மூன்று வாரம் முன்னால் சுற்றிலும் இரண்டு வரிசை மக்காச்சோளம் விதையுங்கள். உள்ளே மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள்.

அறுவடை

விதைத்து 45 முதல் 55 நாளில் முதல் பறிப்பு வரும். பெண் பூ மலர்ந்து நான்கு முதல் ஏழு நாளில் காய் தயார். ஆறு முதல் எட்டு அங்குல நீளம், 150 முதல் 250 கிராம் எடை, தோலில் பளபளப்பு. இதுதான் பக்குவம். நகம் லேசாக அழுத்தினாலே தோலில் இறங்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு காயிலும் நகம் வைத்துப் பார்க்காதீர்கள், தழும்பு பட்ட காயை யாரும் வாங்க மாட்டார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டா எடை ஏறுமே" என்ற எண்ணம்தான் இந்தப் பயிரில் நட்டத்தின் ஆரம்பம். எடை ஏறும், உண்மை. ஆனால் எட்டு அங்குலக் காய் இரண்டு மூன்று நாளில் ஓர் அடியைத் தாண்டி, உள்ளே விதை முற்றி, பஞ்சாகிவிடும். வாங்குபவர் ஒதுக்கிவிடுவார். நட்டம் அந்த ஒரு காயோடு முடிவதில்லை. செடியைப் பொறுத்தவரை விதை முற்றிவிட்டால் அதன் வேலை முடிந்தது. புதுப் பெண் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். பிஞ்சாகப் பறித்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி பூ விடும். வெண்டையில் பார்த்திருப்பீர்கள், அதே குணம்தான். இலைக்கடியில் ஒளிந்து முற்றிவிட்ட காய் கண்ணில் பட்டால் உடனே வெட்டி மாட்டுக்குப் போடுங்கள்.

பறிப்பு முறை இதுதான். காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறுவதற்கு முன். முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். இலைக்காம்பின் முள் கையைக் கீறி அரிப்பெடுக்க வைக்கும். திருகிப் பிடுங்கக் கூடாது, தண்டு உடையும். கூர்மையான கத்தியால் ஓர் அங்குலக் காம்பு விட்டு வெட்டுங்கள். காய்களை ஒன்றன்மேல் ஒன்று எறியாமல், செய்தித்தாள் விரித்த க்ரேட்டில் அடுக்குங்கள். கழுவ வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். நேராக நிழலுக்குக் கொண்டுபோங்கள்.

வெளியில் வைத்தால் இரண்டு நாளில் வதங்கத் தொடங்கும். பிரிட்ஜில் காய்கறித் தட்டில் துணி சுற்றி வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தோலில் குழி விழும். இருப்பு வைத்து விலை ஏறும்போது விற்கலாம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

கணக்கு

வங்கிக்கிளையில் உட்கார்ந்து எத்தனையோ திட்ட அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் மகசூலை விலையால் பெருக்கி ஒரு பெரிய தொகை இருக்கும். விற்காமல் போகும் காய்க்கு ஒரு வரி இருக்காது. சுக்கினிக்கு அந்த வரிதான் முதலில் எழுத வேண்டியது.

என் நோட்டுப்படி, நன்றாக இருக்கும் செடி காய்ப்பின் உச்சத்தில் மூன்று நாளுக்கு ஒரு காய் தருகிறது. ஐந்து வாரப் பறிப்பில் ஒரு செடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ. இதை வைத்துக் கணக்குப் போடுவோம்.

இருபது செடி: ஒருநாளைக்கு ஆறு ஏழு காய், ஒன்றே கால் கிலோ. வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சரி.

இருநூறு செடி: ஒருநாளைக்கு 65 காய், 13 கிலோ. எனக்கு இரண்டு இயற்கை அங்காடியும் ஒரு குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவும் இருக்கின்றன, அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இதனால்தான் இருநூறோடு நிறுத்தியிருக்கிறேன்.

ஒரு ஏக்கர்: மூன்றடி இடைவெளியில் 4,800 செடி. ஒருநாளைக்கு 1,600 காய், 320 கிலோ. ஞாயிற்றுக்கிழமையும் வரும், பண்டிகை அன்றும் வரும், ஊரில் சாவு விழுந்த அன்றும் வரும். பறிக்க நான்கைந்து ஆள், க்ரேட், வண்டி வாடகை எல்லாம் தினமும் வேண்டும். இந்த 320 கிலோவைத் தினமும் எடுத்துக்கொள்பவர் யார்? தக்காளி மிஞ்சினால் ஊர்ச்சந்தையில் அரை விலைக்காவது போகும். சுக்கினி மிஞ்சினால் சந்தையில் "இது என்ன காய்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அதனால் விதை வாங்குவதற்கு முன் வாங்குபவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை கிலோ? எந்த நாட்களில்? எந்த அளவுக் காய், பச்சையா மஞ்சளா? ஒதுக்கிய காய்க்கு யார் பொறுப்பு? பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் அளவில் பாதிக்கு மட்டும் செடி போடுங்கள். அதையும் ஒரே நாளில் விதைக்காமல் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைத்தால் காய் மொத்தமாக வந்து குவியாது. இந்த நான்கு கேள்விக்குப் பதில் இல்லாமல் நகையை அடகு வைத்து ஒரு ஏக்கர் போடுவதாக யாராவது சொன்னால், தயவுசெய்து நிறுத்துங்கள்.

விதை எடுப்பவர்கள் கவனிக்க: கசப்பு

தலைமுறை மாறாத ரகம் என்றால் நாமே விதை எடுக்கலாம். ஆனால் குக்கர்பிட்டா பெப்போ இனத்தில் அழகுக்காக வளர்க்கும் கசப்புச் சுரைகளும் உண்டு. அவற்றின் மகரந்தம் கலந்துவிட்டால், அந்த வருடக் காய் நன்றாகவே இருக்கும். அதன் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறைக் காய் கசக்கலாம். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்னும் நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் 2015இல் வீட்டுத் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார். நம் நாட்டிலும் கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழப்பு நேர்ந்து, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அமைத்த குழு அறிவுறுத்தியது.

ஆகவே இரண்டு விதி. ஒன்று, சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறியுங்கள். வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம். இரண்டு, விதைக்கென்று விடும் காய்க்கு மகரந்தச் சேர்க்கையை நீங்களே செய்யுங்கள். முந்தின நாள் மாலை, மறுநாள் மலரப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்துக் கையால் சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் அடையாளத் துணி கட்டுங்கள். அந்தக் காய் தோல் தடித்து நகம் இறங்காத பதம் வரும்வரை செடியிலேயே இருக்கட்டும். பறித்து மூன்று வாரம் நிழலில் வைத்து, பிறகு விதை எடுத்துக் கழுவி உலர்த்துங்கள். விதைக்காய் விட்ட செடியில் பறிப்புக் குறையும் என்பதால் அதற்கென இரண்டு மூன்று செடியைத் தனியாக ஒதுக்குங்கள். பரங்கி பக்கத்தில் இருந்தால் கவலை வேண்டாம், அது வேறு இனம், பொதுவாகக் கலக்காது.

சமையல்

வீட்டில் சாப்பிடாத காயை விற்கப் போகாதீர்கள் என்பேன். பீர்க்கங்காய் செய்யும் எல்லாவற்றையும் இதில் செய்யலாம்: பாசிப்பருப்புக் கூட்டு, துவையல், பஜ்ஜி. தோல் சீவ வேண்டாம். தண்ணீர் ஊற்றாமல் வேகவையுங்கள், சீக்கிரம் குழைந்துவிடும். உபரி ஆண் பூக்களைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் நன்றாக இருக்கும். தேனீக்கும் விதைக்கும் கொஞ்சம் விட்டு வையுங்கள்.

முதல் பருவத்துக்கு ஒரு நோட்டு

பத்து ரூபாய் நோட்டு ஒன்று போடுங்கள். தினமும் ஒரு வரி போதும்: தேதி, மலர்ந்த ஆண் பூ எத்தனை, பெண் பூ எத்தனை, தேனீ வந்ததா, பறித்த காய் எத்தனை, எடை எவ்வளவு, யாருக்குப் போனது, மிஞ்சியது எவ்வளவு. ஐந்து வாரம் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். வராமல் விட்ட காலைகள் எத்தனை, மாட்டுக்குப் போன காய் எத்தனை என்பதும் அதில் தெரியும். அந்த இரண்டு எண்ணும் சிறியதாக இருந்தால் அடுத்த பருவத்தில் ஐம்பது செடி போடுங்கள். பெரியதாக இருந்தால் அந்த அரை சென்ட்டில் பீர்க்கையோ வெண்டையோ போடுங்கள்; பூவையும் தேனீயையும் பார்க்கக் கற்றுக்கொண்ட கண் அங்கேயும் உதவும்.